மோட்டாருக்கு வந்த இதயம்

என் நாத்தனாருக்கு எங்கள் வீட்டில் வைத்த பெயர் 'ம்ம்'. சாப்பிட்டாயா என்றால் ம்ம். தூக்கம் வருகிறதா என்றால் ம்ம். மாப்பிள்ளை பார்த்திருக்கிறோம், உனக்குச் சம்மதமா என்று அவளுடைய அண்ணன், அதாவது என் வீட்டுக்காரர், கேட்டபோதும் அதே ம்ம்தான். அந்த ம்ம்மை நம்பி மண்டபம் பிடித்து, சொந்தபந்தம் முழுவதையும் கூப்பிட்டு, கல்யாணத்தையே நடத்தி முடித்துவிட்டார்கள்.

நான் அவளுக்கு நேர் எதிர். நான் வாயை மூடியிருப்பது தூங்கும்போது மட்டும்தான், அதுவும் சந்தேகம் என்பார் என் வீட்டுக்காரர். அதனால் அவள் கதையை நான் சொல்வதுதான் நியாயம். அவளையே சொல்லச் சொன்னால் முதல் வரியிலேயே முடித்துவிட்டு எழுந்து போய்விடுவாள்.

அவளுக்கு ரத்தம் எடுக்கிற வேலை. கடைத்தெருவில் மருந்துக் கடைக்கு மேல் மாடியில் ஒரு பரிசோதனைக் கூடம். காலையில் வெறும் வயிற்றோடு வந்து, முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிடுவாள். முழங்கைக்கு மேலே ரப்பர் பட்டையைக் கட்டி, விரலால் தடவி நரம்பைக் கண்டுபிடித்து, ஊசியைப் போடுவாள். சிவப்பு மூடிக் குழாய், ஊதா மூடிக் குழாய் என்று மாற்றி மாற்றி நிரப்புவாள். கூட வேலை செய்யும் பெண்கள் எல்லாம் எறும்பு கடித்த மாதிரிதான் இருக்கும், பயப்படாதீர்கள் என்று பேச்சுக் கொடுப்பார்கள். இவளோ கையை மடக்குங்க, விடுங்க, பஞ்சை அழுத்திப் பிடிங்க, அவ்வளவுதான். இருந்தாலும் சில பேர் இவளையே கேட்டு வருவார்கள். அந்தப் பெண் நச்சரிக்காது என்பார்கள்.

வந்தவர்களுக்குப் பிடித்த அந்தக் குணம், கட்டிக்கொண்டவருக்குப் பிடிக்காமல் போயிற்று.

மாப்பிள்ளைக்குக் கப்பலில் எலக்ட்ரீஷியன் வேலை. எங்கள் வீட்டு மாடியைத்தான் வாடகைக்கு எடுத்துக் குடிவைத்தார். மாதக்கணக்கில் கடலில் இருப்பார், பிறகு கொஞ்ச நாள் இங்கே. கப்பலில் நெட் எப்போது வரும், எப்போது போகும் என்று கடலுக்குத்தான் தெரியும். கிடைக்கிற நேரத்தில் கூப்பிடுவார்.

"என்ன விசேஷம்?"

"ஒண்ணுமில்லை."

"சாப்பிட்டியா?"

"ம்ம்."

"என்னை நினைச்சியா?"

"ம்ம்."

படிக்கட்டில் துணி உலர்த்தப் போகும்போது இதெல்லாம் என் காதில் விழும். ஒட்டுக்கேட்டதாக யாரும் நினைக்க வேண்டாம், படிக்கட்டு அப்படிக் கட்டப்பட்டிருக்கிறது. பேசேன்டி, இரண்டு வார்த்தை சேர்த்துப் பேசேன் என்று எனக்குத்தான் நாக்கு துடிக்கும். அவளோ போனைக் காதில் வைத்துக்கொண்டு அந்த மனிதர் விடுகிற மூச்சைக்கூட விடாமல் கேட்டுக்கொண்டிருப்பாள். அதை அவர் எப்படிப் பார்ப்பார்.

போன தடவை விடுமுறையில் வந்தவர் ஒரு நாள் எங்கள் கூடத்தில் வந்து உட்கார்ந்தார். "மச்சான், சுவரோட குடும்பம் நடத்த முடியாது. நானும் பார்த்துட்டேன்" என்றார். என் வீட்டுக்காரர் எவ்வளவோ எடுத்துச் சொன்னார். கேட்கவில்லை. ஜமாஅத் ஆபீசில் காஜியார் முன்னால், இரண்டு சாட்சிகளை வைத்துக்கொண்டு, ஒரே ஒரு தலாக் சொன்னார். கோபத்தில் கத்தவில்லை, போனில் அனுப்பவில்லை, எல்லாம் முறைப்படி. முறைப்படி நடந்த காரியத்தில் யாரைத் திட்டுவது என்று தெரியாமல் நான் பாத்திரங்களைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

காஜியார் அதன் விவரத்தை எங்களுக்கு நிதானமாகச் சொன்னார். ஒரு தலாக்கோடு கதவு சாத்திவிடாது. மனைவிக்கு மூன்று மாதவிலக்கு கழியும் வரை இத்தா என்கிற காத்திருப்புக் காலம். அதற்குள் கணவன் மனம் மாறி, உன்னை மறுபடி சேர்த்துக்கொண்டேன் என்று சொல்லிவிட்டால் போதும், பழைய கல்யாணமே தொடரும். இத்தா முடிந்துவிட்டால் அது நடக்காது. இரண்டு பேரும் விரும்பினால் புதிதாக நிக்காஹ் செய்ய வேண்டும். அதுவரை அவள் கணவன் வீட்டிலேயே இருக்க வேண்டும் என்றும் சொன்னார். கணவன் வீடு எங்கள் மாடிதானே. அவர் பெட்டியைக் கட்டிக்கொண்டு கப்பலுக்குப் போய்விட்டார், இவள் மாடியில் இருந்தாள்.

நான் மேலே போய், "அழணும்னா அழுதுடு, மனசுக்குள்ள வச்சுக்காதே" என்றேன்.

"ம்ம்" என்றாள். அழவில்லை. எனக்குத்தான் கண்ணீர் வந்தது.

இத்தா முடிய இன்னும் சில நாட்கள் இருக்கும்போதுதான் குழப்பம் வந்தது. அவள் வேலைக்குக் கிளம்பியவள், கைப்பையும் தோளுமாக என் சமையலறை வாசலில் வந்து நின்று, போனை என் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"மதினி, இது என்ன?"

பார்த்தேன். அவள் அவருக்கு அனுப்பிய செய்தி. 'மாடி மோட்டார் ரிப்பேர் ஆயிடுச்சு. ஆள் வந்து சரி பண்ணிட்டார். இப்ப தண்ணி ஏறுது.' இத்தனை நாளில் அவள் அவருக்கு அனுப்பிய ஒரே செய்தி அதுதான். வீடு அவர் பெயரில் எடுத்தது, மோட்டாரும் அவர் வாங்கிப் போட்டது, சொல்ல வேண்டிய கடமை என்று சொல்லியிருக்கிறாள். அதன் கீழே அவரிடமிருந்து சிவப்பாக ஒரு இதயம். வேறு ஒரு எழுத்து இல்லை.

"இதயம்" என்றேன்.

"அது தெரியுது."

"அப்புறம் என்ன கேக்குற?"

"எதுக்குன்னு."

நானும் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அவளை மறுபடி சேர்த்துக்கொண்டேன் என்கிறாரா, தண்ணீர் ஏறுவதில் சந்தோஷம் என்கிறாரா? இத்தா காலத்தில் கணவன் அனுப்பிய இதயம் சும்மா இதயமா, சட்டத்தில் சேர்ந்த இதயமா? எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

என் வீட்டுக்காரருக்கு அந்தக் குழப்பமே கிடையாது. பார்த்த மாத்திரத்தில், "அல்ஹம்துலில்லாஹ், சேர்த்துக்கிட்டான். எனக்கு அப்பவே தெரியும்" என்று சொல்லி, கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஜமாஅத் வாட்ஸாப் குழுவில் போட்டுவிட்டார். அவசரக்குடுக்கை. தங்கை மேல் பாசம் உண்டு, அதை மறுக்கவில்லை. ஆனால் பாசம் வந்தால் மனிதருக்கு விரல் நிற்காது.

அன்றைக்கு முழுவதும் அவர் போன் கத்திக்கொண்டே இருந்தது. எழுத்து மூலமாகவும் சேர்த்துக்கொள்ளலாம், இதயமும் ஒரு எழுத்துதான் என்றார் ஒருவர். படத்தை எழுத்து என்று எப்படிச் சொல்வது என்றார் இன்னொருவர். ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர், இந்தக் காலத்தில் இதயம் என்றால் பார்த்துவிட்டேன் என்று மட்டுமே பொருள் என்று நீளமாக எழுதினார். சிவப்பு இதயமா, வேறு நிறமா என்று ஒருவர் விசாரித்தார். யாரோ ஒரு புண்ணியவான் வாக்கெடுப்பே வைத்துவிட்டார்: இதயம் போட்டால் சேர்ந்ததாகுமா, ஆகும், ஆகாது, தெரியாது. தெரியாது என்பதற்குத்தான் அதிக ஓட்டு. நடுவில் ஒருவர், யார் எக்கேடு கெட்டால் என்ன என்று, ரோஜாப் பூவோடு காலை வணக்கம் அனுப்பினார்.

பக்கத்துத் தெருவில் போன் கடை வைத்திருப்பவர் நேரிலேயே வந்தார். "அண்ணே, சில போன்ல செய்தியை ரெண்டு தடவை தட்டினாலே இதயம் விழுந்துடும். நானே ஒருத்தர் மௌத்தாகி அடக்கம் பண்ற அறிவிப்புக்கு இதயம் போட்டுட்டேன். அவங்க வீட்டுப் பக்கம் இன்னும் போக முடியலை" என்றார்.

இதைக் கேட்டதும் என் வீட்டுக்காரர் முகம் சுருங்கிவிட்டது. மாப்பிள்ளைக்கு 'அந்த இதயம் எதுக்கு?' என்று செய்தி அனுப்பினார். ஒற்றை டிக் விழுந்து அப்படியே நின்றது. கப்பல் எந்தக் கடலில் போய்க்கொண்டிருந்ததோ, நாட்கள் போயும் இரண்டாவது டிக் விழவில்லை.

இதற்குள் இத்தா முடிந்துவிட்டது. அதை அவள்தான் சொன்னாள், ஒரே வார்த்தையில்: "முடிஞ்சுது." காஜியாரிடம் போய்ச் சொன்னபோது அவர் மறு கேள்வி கேட்கவில்லை. "இதுல அவங்க சொல்றதுதான் கணக்கு. வேற சாட்சி கிடையாது" என்றார். பேசாதவள் சொன்ன ஒரு வார்த்தைக்கு இவ்வளவு மதிப்பா என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

இப்போது அவள் யார்? இதயம் செல்லும் என்றால் அவருடைய மனைவி. செல்லாது என்றால் யாருக்கும் மனைவி இல்லை. மாடிக்கு வாடகை அவர் கொடுக்கலாமா, அவர் சட்டைகள் தொங்கும் அலமாரியை அவள் திறக்கலாமா, எதற்கும் பதில் இல்லை. தெருவில் பார்க்கிறவர்கள் எல்லாம் சேர்ந்தாச்சாமே என்று கேட்டார்கள். அவள் ம்ம் என்று சொல்லிவிட்டுப் போனாள். கேட்டவர்கள் ஆமாம் என்று எடுத்துக்கொண்டார்கள். அடுத்த ஆள் இன்னும் சேரலையாமே என்று கேட்டபோதும் ம்ம்தான். அவரும் ஆமாம் என்றே எடுத்துக்கொண்டார்.

எனக்குச் சர்க்கரை பார்க்க வேண்டியிருந்தது. அந்தச் சாக்கில் அவள் வேலை செய்யும் இடத்துக்கே போனேன். அவள் முன்னால் உட்கார்ந்து கையை நீட்டினேன். ஊசி போடும்போது யாரும் எழுந்து ஓட முடியாது, அவளும் முடியாது.

"ஊரே ஓட்டுப் போட்டாச்சு. நீ என்ன நினைக்கிற?"

"கையை மடக்குங்க மதினி."

மடக்கினேன். பட்டையைக் கட்டினாள். நரம்பைத் தடவிக்கொண்டே இருந்தாள், வழக்கத்தைவிட அதிக நேரம்.

"அதைப் பார்த்ததும் எனக்கு நெஞ்சு ஒரு மாதிரி ஆயிடுச்சு" என்றாள். "சந்தோஷமாத்தான் இருந்துச்சு. பஸ்ல எல்லாம் எடுத்து எடுத்துப் பார்த்தேன்."

நான் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் அவள் மூடிவிடுவாள் என்று எனக்குத் தெரியும்.

"அப்புறம் மறுபடி மேல என்ன எழுதியிருக்குன்னு படிச்சேன். அது மோட்டாருக்குன்னா, நான் சந்தோஷப்பட்டது என்ன கணக்கு?"

ஊசி உள்ளே போனது தெரியவே இல்லை. குழாயில் ரத்தம் ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த மனிதர் மட்டும் அப்போது கையில் கிடைத்திருந்தால், அந்த ஊசியை வாங்கி நானே போட்டிருப்பேன்.

கப்பல் ஏதோ துறைமுகத்துக்கு வந்ததும் இரண்டாவது டிக் விழுந்தது. பதிலாக அவரே வீடியோவில் கூப்பிட்டார். என் வீட்டுக்காரர் அவரை நேரே ஜமாஅத் ஆபீசில் காஜியார் மேசைமேல் கொண்டுபோய் வைத்தார், அதாவது போனை, ஒரு தண்ணீர் பாட்டில்மேல் சாய்த்து. என் நாத்தனார் அந்த அறைக்குள் வரலாமா என்று அடுத்த குழப்பம். மனைவி என்றால் வரலாம், இல்லை என்றால் அவர் அந்நிய ஆண். அண்ணன்காரர் வா என்றார், வேண்டாம் என்றார், முக்காடு போட்டுக்கொண்டு வா என்றார். கடைசியில் நானும் அவளும் கதவுக்கு இந்தப் பக்கம் நின்றோம்.

காஜியார் சுற்றி வளைக்கவில்லை. "தம்பி, அந்த இதயத்தைப் போடும்போது உங்க நிய்யத் என்ன? மனசுல என்ன நினைச்சுப் போட்டீங்க?"

"அதான் ஹஜ்ரத், எனக்கும் தெரியலை" என்றார் மாப்பிள்ளை. "வேலை முடிச்சுட்டு வந்தேன். பார்த்தேன். போட்டேன்."

"கை தெரியாமப் பட்டுதா?"

"இல்லை, நான்தான் போட்டேன்."

"மனைவியைச் சேர்த்துக்கணும்னு போட்டீங்களா?"

நெட் இழுத்துக்கொண்டதோ, அவர்தான் இழுத்தாரோ, கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்கவில்லை. "அப்படியும் இருக்கலாம் ஹஜ்ரத். சத்தியம் பண்ணிச் சொல்லச் சொன்னா, சொல்ல முடியாது."

காஜியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தலாக் சொன்னது உறுதி, அதற்குச் சாட்சி இருக்கிறது. சேர்த்துக்கொண்டது சந்தேகம், அதைச் செய்தவருக்கே தெரியவில்லை. உறுதியானதைச் சந்தேகத்தால் அழிக்க முடியாது. ஆகவே இதயம் செல்லாது, இத்தா முடிந்தது, இவர்கள் இப்போது கணவன் மனைவி இல்லை. விருப்பம் என்றால் மாப்பிள்ளை பெண்ணுக்குக் கொடுக்க வேண்டிய மஹரைப் புதிதாகப் பேசி, புதிய நிக்காஹ் செய்துகொள்ளலாம் என்றார்.

"அப்ப பண்ணிடலாம் ஹஜ்ரத்" என்று உடனே சொன்னார் மாப்பிள்ளை. என் வீட்டுக்காரர் முகத்தில் வெளிச்சம் வந்தது. கதவுக்கு இந்தப் பக்கம் திரும்பி, "என்னம்மா, சரிதானே?" என்றார்.

"ம்ம்" என்றாள்.

வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் பிறகு எங்கள் கூடத்தில் வைத்தோம். வீடியோவிலேயே நடத்திவிடலாம் என்றார் என் வீட்டுக்காரர். நடுவில் படம் நின்றால் நிக்காஹும் நின்றுவிடும் என்றார் காஜியார். மாப்பிள்ளை சார்பில் ஒப்புக்கொள்ள இங்கேயே ஒருவரை வக்கீலாக வைக்கச் சொன்னார். "கடல்ல போனவங்களுக்கு அந்தக் காலத்துலேயே இந்த வழி இருக்கு. அப்ப கடிதம், இப்ப போன்." போன் கடைக்காரர் புதுச் சட்டை போட்டுக்கொண்டு வக்கீலாக வந்தார். மாப்பிள்ளையும் பார்க்கட்டும் என்று போனை அலமாரியில் நிறுத்தினார். மாப்பிள்ளை கப்பல் அறையில் தொப்பி போட்டு உட்கார்ந்திருந்தார். அவர் தலைக்குப் பின்னால் சின்ன மின்விசிறி ஒன்று சுற்றிக்கொண்டிருந்தது.

உள் அறையில் அவள் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள், பக்கத்தில் நான். அவளுக்கு இது சந்தோஷமா இல்லையா என்று அவள் முகத்தைப் பார்த்துப் பார்த்து எனக்கு மண்டை காய்ந்துவிட்டது. காஜியார் இரண்டு சாட்சிகளோடு திரைக்கு வெளியே வந்து நின்று, மஹரைச் சொல்லி, மாப்பிள்ளையைச் சொல்லி, "இவருக்கு உங்களை நிக்காஹ் செய்து வைக்க உங்களுக்குச் சம்மதமா?" என்று கேட்டார்.

"ம்ம்."

என் வீட்டுக்காரர் அல்ஹம்துலில்லாஹ் என்று ஆரம்பித்தார். காஜியார் கையைக் காட்டி நிறுத்தினார்.

"ம்ம் போதாதும்மா. முதல் நிக்காஹ்ல பொண்ணு வெட்கப்பட்டுப் பேசாம இருந்தா, அதைச் சம்மதம்னு எடுத்துக்க இடம் இருக்கு. ஏற்கெனவே வாழ்ந்தவங்களுக்கு அந்தச் சலுகை இல்லை. உங்க வாயால சொல்லணும். ஆமான்னாலும் சரி, இல்லைன்னாலும் சரி."

அவள் என்னைப் பார்த்தாள். வாழ்க்கையிலேயே முதல்முறையாக யாரோ அவளிடம் வார்த்தையைக் கேட்கிறார்கள். சொல்லிக் கொடு என்பது போலப் பார்த்தாள். வாயாடி என்று பெயர் எடுத்த எனக்கு, அவளுக்கு எடுத்துக் கொடுக்க ஒரு சொல் இல்லை. ஆமாம் சொல் என்பதா, இல்லை சொல் என்பதா, எது அவளுக்கு நல்லது என்று சத்தியமாக எனக்குத் தெரியவில்லை.

அவளே எழுந்து திரைக்கு அருகில் போனாள்.

"ஹஜ்ரத், நான் வாயால சொல்றேன்" என்றாள். குரல் கூடத்துக்கே கேட்டது. "அதுக்கு முன்னாடி அவரும் வாயால ஒண்ணு சொல்லட்டும். அந்த இதயம் மோட்டாருக்கா, எனக்கா? சட்டத்துக்காகக் கேக்கலை. எனக்குத் தெரியணும்."

என் வீட்டுக்காரர் இது என்ன விதண்டாவாதம் என்று முணுமுணுத்தார். காஜியார், "கேக்கலாம், அவங்களுக்கு உரிமை இருக்கு" என்று சொல்லிவிட்டு, போனைப் பார்த்து, "தம்பி, காதுல விழுந்துதா?" என்றார்.

பதில் இல்லை. லைன் போயிருக்கும் என்றார் ஒரு சாட்சி. போன் கடைக்காரர் கிட்டே போய்ப் பார்த்தார். "லைன் நல்லா இருக்கு. ஃபேன் சுத்துது பாருங்க."

நான் திரையை விலக்கி எட்டிப் பார்த்தேன். மின்விசிறி சுற்றிக்கொண்டுதான் இருந்தது. மாப்பிள்ளை வாயைத் திறந்தார், மூடினார். தொப்பியைச் சரிசெய்தார். சுவரோடு குடும்பம் நடத்த முடியாது என்று எங்கள் கூடத்தில் கணீரென்று சொன்ன மனிதர், இப்போது பேந்தப் பேந்த விழித்தார். பாவமாகக்கூட இருந்தது.

கடைசியில் தலையைக் குனிந்துகொண்டு, "ம்ம்" என்றார்.

எல்லோரும் காஜியாரைப் பார்த்தோம். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் என் நாத்தனார் முந்திக்கொண்டாள்.

"அது போதாது" என்றாள்.